பண்பொழித் திண்ணையில் ஒரு வழக்கு

சாரல் காலத்தில் குற்றாலம் வருகின்றவர்கள் அருவியில் தலைநனைத்து, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு, வந்த வழியே ஊர் திரும்பிவிடுகின்றார்கள். செங்கோட்டைக்கு வடக்கே, திருமலைக்கோவில் குன்றின் அடியில் வயலும் தோப்புமாகக் கிடக்கும் பண்பொழியை எட்டிப் பார்ப்பவர் சிலரே. பைம்பொழில் என்றும் அவ்வூருக்குப் பெயர் உண்டு. பெயருக்குப் பழுது நேராத ஊர். சென்ற ஆனிக் கடைசியில், நமக்குப் பலகாலம் பழக்கமான ஒரு குடும்பத்தாரின் இல்லத்தில் இரண்டு நாள் தங்க வாய்ப்புக் கிட்டியது. இரண்டாம் நாள் மாலை மேக்கரைப் பக்கமிருந்து இறங்கிய மழை, போகும்போது மின்சாரத்தையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தொலைக்காட்சி கண்ணை மூடிற்று. வேறு வழியின்றி வீட்டார் அனைவரும் திண்ணைக்கு வந்தனர். அங்கேதான் வழக்குப் பிறந்தது.

அரசியல் அன்று, வரப்புத் தகராறும் அன்று. தொலைக்காட்சியில் வந்த சூப்பர் ஹீரோ கார்ட்டூன் தொடர்களுள் தலைசிறந்தது எது என்பதே வழக்கு. வாசகர்கள் நகைக்கவேண்டா. நாமும் முதலில் நகைக்கத்தான் செய்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, நகைப்பு எங்கே போயிற்று என்று தேடவேண்டியதாயிற்று.

வழக்காடியவர்களை அறிமுகம் செய்துவிடுவோம். வீட்டுப் பெரியவர் அரிசி ஆலை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர், எழுபதைக் கடந்தவர். மூத்த மகன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர், வயது நாற்பத்தாறு. இளையவர் பொறியியல் படித்துப் பெங்களூரில் பணியாற்றுகின்றார், நாற்பது. மகள் வயிற்றுப் பேத்தி சென்னையில் வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண். இளையவரின் எட்டு வயது மகன், மின்சாரம் போன ஆத்திரத்தில், தான் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு தொடரைப் பற்றி அங்கலாய்க்க, "அதெல்லாம் ஒரு படமா? நாங்கள் பார்த்த பேட்மேனை நீ பார்க்கவேண்டும்" என்று தந்தை சொன்னதே தொடக்கம்.

"பேட்மேன் பெரிதா? ஸ்பைடர்மேனுக்கு முன்னால் நிற்பானா?" என்றார் மூத்தவர்.

மூத்தவர் குறிப்பிட்டது 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கி 1970 வரை வந்த 52 பகுதிகள் கொண்ட தொடரை. நம் நாட்டில் அது தூர்தர்சன் வழியாக 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்து சேர்ந்தது. அங்கே இருபதாண்டுப் பழையது, இங்கே அப்போதுதான் பறித்த கீரை! இளையவர் அத்தொடரைப் பற்றி அடுக்கிய குற்றங்கள் அனைத்தும் உண்மையே. மிகக் குறைந்த செலவில் செய்யப்பட்ட படம் அது. ஸ்பைடர்மேனின் உடையில் சிவப்புப் பகுதி முழுவதும் சிலந்திவலைக் கோடுகள் இருக்கவேண்டும் அன்றோ? அத்தொடரில் முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றில் மட்டுமே கோடு இருக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் வண்ணம். ஒவ்வொரு படத்திலும் அத்தனை கோடுகளையும் வரைவதென்றால் ஆட்கூலி ஏறும் என்பதே காரணம். கட்டடத்துக்குக் கட்டடம் அவன் ஊசலாடும் காட்சியை ஒருமுறை வரைந்து, பகுதிக்குப் பகுதி எடுத்து ஒட்டினார்கள். கதை நீளம் போதாதபோதெல்லாம் அவன் ஊசலாடினான்.

"ஒரே வானம், ஒரே கட்டடம், ஒரே ஆட்டம். ஊஞ்சலில் ஆடும் பிள்ளையைப் பார்த்தால் போதாதா அண்ணே?" என்றார் இளையவர். மூத்தவர் விடவில்லை. அந்த வானத்தின் நிறத்தை வேறு எந்தப் படத்தில் பார்த்தாய் என்று கேட்டார். அதிலும் நியாயம் உண்டு. பின்னிரண்டு பருவங்களின் பொறுப்பை ஏற்ற ரால்ஃப் பாக்‌ஷி, பணமில்லாக் குறையை வண்ணத்தால் மூடினார். பச்சையும் ஊதாவும் செங்காவியுமாகக் குழம்பிய வானம், கனவில் வரும் வானத்தைப் போன்றது.

இவ்விடத்தில் பெரியவர் குறுக்கிட்டார். தம் வீட்டில் முதலில் நுழைந்த சிலந்தி அதுவன்று என்றார். சொன்னது மெய். சிவகாசியில் சவுந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவந்தது. இங்கிலாந்தின் வாலியண்ட் என்னும் சிறுவர் இதழில் 1962 முதல் வந்த கதை அது. மின்சாரம் உடலில் பாய்ந்தால் மனிதன் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் வெளியில் தெரியும். நம் பெரியவர் அப்போது மீசை அரும்பும் இளைஞர். தென்காசிப் பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கிய புத்தகத்தை வைக்கோற்படப்பின் மறைவில் வைத்துப் படித்தாராம். மின்கம்பியைத் தொட்டுப் பார்க்கும் ஆசையும் வந்ததாம். "நல்ல காலம், அன்று எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை" என்று அவர் சொன்னபோது, இருளில் அமர்ந்திருந்த நாம் எல்லோரும் சிரித்தோம்.

பின்னர் 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கிற்று. அதில் வந்த ஸ்பைடர் வேறு ஆள். கூரிய காதும், வலைவீசும் துப்பாக்கியும், குற்றவாளியாகத் தொடங்கி நல்லவன் பக்கம் மாறிய வரலாறும் உடையவன். அவனும் இங்கிலாந்து இறக்குமதியே. ஆயினும் அக்கதைகளில் பலவற்றை எழுதியவர் அமெரிக்கரான ஜெரி சீகல். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவர் அவர். மகனுக்கு என்று சொல்லி வாங்கி, தாமே முதலில் படித்து முடித்துவிடுவாராம் பெரியவர். ஆகையால் தொலைக்காட்சியில் சிவப்பும் நீலமும் உடுத்த ஸ்பைடர்மேன் தோன்றியபோது, பத்து வயதுச் சிறுவனான மூத்தவர், 'இவன் போலி' என்றே முதலில் முடிவு கட்டினாராம். பெரியவரின் கட்சி எளியது: தம் மாயாவி எந்தக் கார்ட்டூன் படத்திலும் நடித்துக் கெட்டுப்போகவில்லை; ஆகவே அவனே சிறந்தவன். நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்தது.

இளையவர் தம் சாட்சியைக் கூண்டில் ஏற்றினார். கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்தது. அவர்கள் வீட்டுக்குக் கேபிள் வந்தது 1998இல். அதன் வழியாக அவர் கண்டது, 1992 செப்டம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவில் தொடங்கி 85 பகுதிகள் வந்த பேட்மேன் தொடர். புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி என்னும் இருவர் அதனை அமைத்தனர். வெள்ளைத் தாளில் இரவை வரைவது எல்லோரும் செய்வது. இவர்களோ பின்னணியைக் கருந்தாளின் மீதே தீட்டினார்கள். இருளை வரையவேண்டிய தேவை இல்லை, வெளிச்சத்தை மட்டும் வைத்தால் போதும். பகுதிதோறும் இசைக்குழுவை அமர்த்திப் புதிதாக வாசிக்கச் செய்தார்கள். குரல் கொடுப்போரைத் தனித்தனி அறையில் நிறுத்தாமல், கூடுமானவரை ஒன்றாக அமர்த்திப் பேசவைத்தார்கள். பேட்மேனுக்குக் குரல் தந்த கெவின் கான்ராய், செல்வச் சீமானாகப் பேசும்போது ஒரு குரலும் முகமூடி அணிந்தபின் வேறு குரலும் தந்தார். அவர் 2022 நவம்பரில் மறைந்த செய்தி கேட்டு, இளையவர் அன்றிரவு பழைய பகுதிகளைப் போட்டுப் பார்த்தாராம்.

இத்தொடரில் ஒரு பகுதியை இளையவர் விரித்துச் சொன்னார். பனிக்கட்டித் துப்பாக்கியுடன் திரியும் ஃப்ரீஸ் என்பவன் முன்பெல்லாம் வெறும் கேலிப் பகைவன். 1992இல் வந்த அப்பகுதியில் அவனுக்கு ஒரு மனைவி இருக்கின்றாள், தீராத நோயாளி. மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளைக் குளிரில் உறையவைத்துக் காக்கின்றான். செலவு மிகுதி என்று சொல்லி முதலாளி ஆய்வை நிறுத்தும் பொழுதில் எல்லாம் பாழாகின்றது. அதன்பின் அவன் செய்வது குற்றமே. ஆனால் அவனை வெல்லும் பேட்மேனுக்கு மகிழ்ச்சி இல்லை. இருபது நிமிடச் சிறுவர் படத்தில் இதைச் சொல்லி முடித்தார் பால் டினி. அதற்காக எம்மி விருதும் பெற்றார். இதைக் கேட்டபோது, வழக்கு இளையவர் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே நாம் எண்ணினோம். தீயவனை அடித்து வீழ்த்தும் கதைகள் ஆயிரம். அவன் ஏன் தீயவனானான் என்று பிள்ளைகளைக் கேட்கவைக்கும் கதை அரிது.

"எதுவானாலும் அடிதடிதானே?" என்று உள்ளிருந்து பாட்டியின் குரல் வந்தது. இது பழைய கேள்வி. 1968இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தாய்மார் சிலர் கூடி, பிள்ளைகளுக்கான தொலைக்காட்சியைத் திருத்தவென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தினர். அத்தகைய எதிர்ப்பு வலுத்த அந்நாள்களில், அடிதடி மிகுந்த சூப்பர் ஹீரோ தொடர்கள் அங்கே ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1973இல் அவ்வீரர்கள் திரும்ப வந்தபோது, ஒருவரையொருவர் குத்துவதற்கே தயங்கினார்கள்! நம் நாட்டிலும் 1997 முதல் 2005 வரை தூர்தர்சனில் வந்த சக்திமான், கார்ட்டூன் அன்று, ஆள் நடித்த தொடரே. ஆபத்தில் இறங்கினால் அவன் வந்து காப்பான் என்று நம்பிச் சில பிள்ளைகள் விபரீதம் செய்ததாக நாளேடுகளில் செய்தி வந்தது. அத்தகைய செயல் கூடாது என்று அதில் நடித்த முகேஷ் கன்னாவே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. பாட்டியின் கேள்விக்குத் திண்ணையில் எவரும் மறுமொழி சொல்லவில்லை. கடுங்காப்பி வந்தது, வாங்கிக்கொண்டார்கள்.

இதுவரை பேசாதிருந்த பேத்தி அப்போது வாய் திறந்தாள்.

"பெரிய மாமா, சின்ன மாமா, இரண்டு பேரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பார்த்தபோது அதில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குப் புரிந்ததா?"

தனக்குப் புரிந்தது என்றாள் அவள். 2007இல் சுட்டி டிவி வந்தபோது அவள் ஐந்து வயதுக் குழந்தை. ஜாக்கி சான் தொடர் அதில் தமிழில் வந்தது. 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் 95 பகுதிகள் ஓடியது. தமிழ்நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகள் எவரைக் கேட்டாலும் இன்றும் அதன் வசனங்களை ஒப்பிப்பார்கள். அது சூப்பர் ஹீரோ கதையே அன்று என்று இளையவர் தடை கூறினார். பேத்தி அசரவில்லை. பறக்கும் ஆற்றல், காளையின் வலிமை என்று பன்னிரண்டு ஆற்றல்களும் பன்னிரண்டு மந்திரக் கற்களில் இருக்கின்றன; யார் கையில் கல் இருக்கின்றதோ அவன் வீரன்; ஜாக்கியோ ஆற்றல் ஒன்றும் இல்லாமல், அடிபட்டு, கை வலிக்கின்றது என்று சொல்லிக்கொண்டே போராடுகின்றவன் என்றாள். பேட்மேனுக்குப் பெற்றோர் இல்லை. ஸ்பைடர்மேனுக்கு அத்தை மட்டும். ஜாக்கியின் வீட்டிலோ, பழம்பொருட் கடை வைத்திருக்கும் வயதானவர் ஒருவர் எப்போதும் ஏசிக்கொண்டே இருப்பார். சொல் கேளாத சிறுபெண் ஒருத்தி இருப்பாள். "நம் வீடு மாதிரி" என்று தாத்தாவைப் பார்த்தாள். பெரியவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து அவள் கேட்டதுதான் நம்மை உறுத்திற்று. "சின்ன மாமாவுக்குக் கெவின் கான்ராய் பெயர் தெரிகிறது, இறந்த மாதம்கூடத் தெரிகிறது. ஜாக்கிக்குத் தமிழில் பேசியவர் பெயர் எனக்கே தெரியாது. தினமும் கேட்ட குரல்."

தொடர் முடிவில் தமிழ்க்குரல் தந்தோரின் பெயர்களைக் கண்ட நினைவு அங்கிருந்த ஒருவருக்கும் இல்லை. வடபழனிப் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், கண்ணாடிக்கு அப்பால் நின்று, அயல்நாட்டுப் பொம்மையின் வாயசைப்புக்குள் தமிழை அடக்க அவர்கள் பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்க்கின்றோம். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பேச்சில் கலந்துவிட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயர்களை யாரேனும் இன்னும் காலமிருக்கும்போதே திரட்டிவைத்தல் நன்று.

தமிழைத் தூக்கிப்பிடித்த பேத்தியே வென்றாள் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முனைந்தோம். அதற்குள் மூத்தவர் மெதுவாக, "எனக்குப் புரியாததுதான் எனக்கு வசதியாக இருந்தது" என்றார்.

அன்று அவர்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கவேண்டும். கூட்டம் சேர்ந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். கதையில் ஒரு சொல்லும் விளங்காது. பாதிக் கதையும் கிடைக்காது. மறுநாள் பள்ளியில், அதையும் பார்க்காத பிள்ளைகள் இவரைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்பார்கள். என் செய்வார்? தாமே கட்டினார். அதே ஊசலாட்டம் மீண்டும் வந்தபோதெல்லாம், இந்த முறை எங்கே போகின்றான் என்பதற்கு ஒரு புதுக் காரணம் கற்பித்தார். ஓர் ஆண்டு முழுவதும் பண்பொழிப் பள்ளிப் பிள்ளைகள் கேட்ட ஸ்பைடர்மேன் அமெரிக்கப் படைப்பே அன்று என்க.

"பேட்மேனை நான் பார்க்கவில்லை" என்றும் சொன்னார். அது வந்தபோது அவர் திருப்பூரில். பதினேழு வயதில் போனவர். 1998 தீபாவளிப் போனசில் அவர் வாங்கி அனுப்பிய வண்ணத் தொலைக்காட்சியில்தான் தம்பி பேட்மேனைப் பார்த்திருக்கின்றார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. இளையவருக்குத் தெரியாத செய்தியும் அன்று. ஆயினும் அதன்பின் பேட்மேனைப் பற்றி இளையவர் பேசியதாக நமக்கு நினைவில்லை.

எட்டரை மணிக்கு மின்சாரம் வந்தது. இளையவர் கைபேசியை மின்னிணைப்பில் செருகி, எதையோ தேடி எடுத்து அண்ணனிடம் நீட்டினார். 1967ஆம் ஆண்டுத் தொடரின் ஒரு பகுதி. ரைனோ என்னும் காண்டாமிருக மனிதன், சுவரை முட்டி உடைத்துத் தங்கம் திருடுகின்றான். நாற்பத்தாறு வயது மனிதர் முகம் மலர்ந்து, "இந்தக் கதை! இதை ஒரு வாரம் சொன்னேன்" என்றார். பேத்தி அருகில் அமர்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். சற்று நேரத்தில் அவர் அவளை நிறுத்தினார்.

"தங்கம் எதற்கு என்கிறான்?"

"தன் உருவத்துக்குத் தங்கச் சிலை செய்யப் போகிறானாம், மாமா."

"சிலையா?" அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. மறுபடியும் போடச் சொன்னார். அவள் போட்டாள். சிலைதான்.

"நான் வேறு மாதிரி அல்லவா சொல்லியிருந்தேன்! அக்கா கல்யாணத்துக்கு நகை செய்யத் திருடுகிறான் என்றேன். கடைசியில் ஸ்பைடர்மேன் பிடித்துவிடுவான். ஆனால் ஒரு சங்கிலியை மட்டும் அவனிடமே விட்டுவிட்டுப் போவான். பையன்கள் கைதட்டினார்கள்."

அவர் திருப்பூருக்குப் போன இரண்டாம் ஆண்டில் அந்த வீட்டில் திருமணம் நடந்தது. நகைக்கான பணத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதை முன்பொருமுறை பெரியவர் நம்மிடம் சொல்லியிருந்தார்.

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த பேத்தியின் தாய், கரண்டியோடு வாசல்வரை வந்து, "யார் கல்யாணத்துக்கு நகை?" என்று கேட்டார்.

"காண்டாமிருகத்தின் அக்காவுக்கு" என்றார் மூத்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கதை நன்றாக இல்லை. நான் சொன்னதுதான் நன்றாக இருந்தது."